பிறை முத்திரையை நம்பலாமா? நீல, வெள்ளைத் தேநீர்க் கிண்ணங்களின் வயதைக் கண்டறிதல்

கேள்வி: நான் இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரில் வசிக்கிறேன். அண்மையில் உள்ளூர் ஏலம் ஒன்றில் நீல, வெள்ளைப் பீங்கான் பொருட்கள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கினேன். கைப்பிடி இல்லாத சிறு கிண்ணங்கள் இரண்டு, சாசர்கள் இரண்டு, கைப்பிடியுள்ள கோப்பை ஒன்று அதில் இருந்தன. ஒரு கிண்ணத்திலும் சாசரிலும் பூக்கள் உள்ளன. இரண்டின் அடியிலும் கோடுகளால் நிரப்பிய பிறை இருக்கிறது. மற்றொரு கிண்ணத்திலும் சாசரிலும் சீன மீனவர்கள் இருக்கிறார்கள். சாசரின் அடியில் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்தும், கிண்ணத்தின் அடியில் சீன எழுத்தைப் போன்ற ஒரு குறியும் உள்ளன. கோப்பையில் ‘கோல்போர்ட் ஏ.டி. 1750’ என்றும் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றும் அச்சிடப்பட்டுள்ளது. எல்லாமே 1750ஆம் ஆண்டின் வூஸ்டர் பீங்கான் என்று ஏலப் பட்டியலில் போட்டிருந்தார்கள். இது சரியா? பிறை முத்திரையில் போலிகள் அதிகம் என்கிறார்களே? சாசரில் உள்ள பழுப்புக் கறையை நீக்கலாமா? விருந்தினர்களுக்கு இவற்றில் தேநீர் கொடுக்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் பெட்டியில் இருப்பவை ஒரே தொழிற்சாலையின் பொருட்கள் அல்ல. படங்களை வைத்துச் சொல்லக்கூடிய அளவில், பூப்போட்ட கிண்ணமும் சாசரும் வூஸ்டரைச் சேர்ந்தவை; மீனவர் சாசர் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துக் காஃப்லி தொழிற்சாலையில் செய்யப்பட்டது; அதன்மேல் அமர்ந்திருக்கும் கிண்ணமோ மறுபடியும் வூஸ்டருடையது; கோல்போர்ட் கோப்பை 20ஆம் நூற்றாண்டுப் பொருள். 1750 என்ற ஆண்டு இவற்றில் எதற்கும் பொருந்தாது. டாக்டர் ஜான் வால், வில்லியம் டேவிஸ் முதலியோர் சேர்ந்து வூஸ்டர் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1751இல்தான். கோல்போர்ட் கோப்பையின் அடியில் அச்சிட்டிருந்த ஆண்டை யாரோ மொத்தப் பெட்டிக்கும் உரியதாக எடுத்துக்கொண்டு பட்டியலில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனாலும் நீங்கள் ஏமாந்துவிடவில்லை. பெட்டியில் இருக்கும் நான்கு பொருட்கள் 200 ஆண்டுகளைத் தாண்டியவை.

பொருளைக் கையில் எடுத்தவுடன் கவிழ்த்து முத்திரையைத் தேடுவதே பலருடைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பீங்கானைப் பொறுத்தவரை அது தலைகீழான முறை. முத்திரை இட வேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு எந்தத் தொழிற்சாலைக்கும் இருக்கவில்லை. இட்டவர்களும் உண்மையைச் சொல்வதற்காகவே இட்டார்கள் என்று கொள்ள முடியாது. வூஸ்டர்காரர்களே ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலைக்குரிய குறுக்குவாள் முத்திரையையும் சீன எழுத்துகளைப் போன்ற குறிகளையும் தங்கள் பொருட்களில் இட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிறையை சஃபோக் கடற்கரையில் இருந்த லோஸ்டாஃப்ட் தொழிற்சாலை நகலெடுத்தது. ஆகவே மண்கலவை, மெருகு (மேலே படிந்திருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு), அடிவளையம் (பாத்திரம் நிற்கும் அடிப்பகுதி வளையம்), வடிவம், அலங்காரம் ஆகிய எல்லாவற்றையும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அந்த முடிவை முத்திரை உறுதி செய்கிறதா, மறுக்கிறதா என்று கடைசியாகப் பார்ப்பதே தொழிலில் இருப்பவர்களின் வழக்கம்.

மண்கலவையிலிருந்து தொடங்குவோம். சீனாவில் சீனக் களிமண்ணையும் ஒருவகைப் பாறைத்தூளையும் கலந்து, மிகுந்த வெப்பத்தில் சுட்டு உண்மையான பீங்கானைச் செய்தார்கள். அந்த இரகசியம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்குக் கைவராததால், ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென ஒரு கலவையைக் கண்டுபிடித்துக்கொண்டது. லண்டனை அடுத்திருந்த ‘போ’ தொழிற்சாலையும் லோஸ்டாஃப்டும் எலும்புச் சாம்பலைச் சேர்த்தன. பிளிமத்தில் வில்லியம் குக்வொர்த்தி 1768இல் காப்புரிமை பெற்றுச் சீனமுறைப் பீங்கானையே செய்தார். வூஸ்டர்காரர்கள் மாக்கல்லை நம்பினார்கள். பிரிஸ்டலில் பெஞ்சமின் லண்ட் என்பவர் 1749இல் கார்ன்வாலில் மாக்கல் வெட்ட உரிமம் பெற்றிருந்தார். அவருடைய தொழிலை 1752இல் வூஸ்டர் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது அந்தக் கலவையும் வூஸ்டருக்கு வந்து சேர்ந்தது. நம் வீடுகளில் வற்றல்குழம்பு கொதிக்கும் கல்சட்டியும் மாக்கல்தான் என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கல்லைப் பொடித்துச் சேர்த்த பீங்கான் ஏன் கொதிநீரைத் தாங்கியது என்பது எளிதில் விளங்கும். போட்டியாளர்களின் தேநீர்க் கெண்டிகள் கொதிநீர் பட்டு விரிசல் விட்ட காலத்தில், விரிசல் விடாத பாத்திரம் என்ற பெயரே வூஸ்டருக்குச் சந்தையைப் பிடித்துக் கொடுத்தது.

இந்தக் கலவை வேறுபாட்டைத்தான் பொருளுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்க்கும் சோதனை காட்டித் தருகிறது. ஊடுருவி வரும் ஒளி வூஸ்டர் பீங்கானில் பொதுவாக மெல்லிய பச்சைச் சாயலோடு தெரியும். காஃப்லியில் வைக்கோல் நிறமாகவோ வெளிறிய ஆரஞ்சாகவோ தெரியும். நீங்கள் அனுப்பியுள்ள படங்களில் பூப்போட்ட கிண்ணம் பச்சையாகவும் மீனவர் சாசர் பழுப்பு கலந்த ஆரஞ்சாகவும் இருக்கின்றன. ஆனால் படங்களைக் கைபேசியின் வெள்ளை விளக்கைக் கொண்டு எடுத்திருக்கிறீர்கள். அந்த விளக்குகளில் நீலம் மிகுதி; அதனால் நிறம் பிறழும். பழைய பாணி மஞ்சள் பல்பு ஒன்றை வைத்து, இருட்டறையில் இரண்டு சாசர்களையும் அருகருகே பிடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவரின் கனமும் சூளையில் இருந்த இடமும் சாயலை மாற்றக்கூடும் என்பதால், இந்தச் சோதனையை ஒரு சாட்சியாகக் கொள்ளலாமே தவிரத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அடுத்தது அடிவளையம். வூஸ்டரில் மெருகு பூசியபின், அடிவளையத்தின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோட்டளவுக்கு மெருகில்லாத இடம் இருப்பது வழக்கம். அந்த இடத்தில் சாதாரணப் பென்சிலை ஓட்டினால், மெருகுள்ள பகுதியில் பென்சில் வழுக்கிச் செல்லும், மெருகில்லாத கோட்டில் கரிய தடம் பதியும். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இந்தச் சோதனையைச் சிலர் வூஸ்டரை உறுதி செய்யும் மந்திரம்போலச் சொல்வார்கள். காஃப்லிப் பொருட்களிலும் அதே கோடு இருப்பதால், உங்கள் வழக்கில் அது உதவாது. அதைவிடப் பயனுள்ளது வளையத்தின் குறுக்குவெட்டு வடிவம்: வூஸ்டரில் அது கீழ்நோக்கிக் கூம்பி முக்கோணத்தை ஒத்திருக்கும், காஃப்லியில் பெரும்பாலும் சதுரத்தன்மையோடு தட்டையாக நிற்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் உங்கள் கடிதத்தில் இல்லை. விரலால் தடவிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும்.

இனி அலங்காரம். நீலம் என்பது கோபால்ட் என்ற உலோகத்தின் ஆக்சைடு. மெருகுக்கு அடியில் இருந்துகொண்டு சூளையின் வெப்பத்தைத் தாங்கக்கூடிய மிகச் சில நிறங்களில் அதுவும் ஒன்று. தொடக்கத்தில் அதைத் தூரிகையால் தீட்டினார்கள். 1750களின் பிற்பகுதியில் வூஸ்டரில் செப்புத் தகட்டு அச்சு வந்தது. தகட்டில் உருவத்தைச் செதுக்கி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் மையைத் தடவி, மெல்லிய தாளில் ஒற்றி எடுத்து, அந்தத் தாளை மெருகிடாத பாத்திரத்தின்மேல் அழுத்தி உருவத்தை மாற்றுவார்கள். பிறகு மெருகு பூசி மறுபடி சுடுவார்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால், தீட்டிய பூவில் தூரிகை தொட்ட இடத்தில் அடர்ந்தும் முடிந்த இடத்தில் வெளிறியும் நீலம் ஓடியிருக்கும்; அச்சில் நிழல் முழுவதும் இணைகோடுகளாலும் புள்ளிகளாலும் ஆகியிருக்கும். உங்கள் பூக்களில் இருப்பவை இணைகோடுகள். எனவே அவை அச்சுப் பதிவு. அதனோடு முத்திரை ஒத்துப்போகிறது. வூஸ்டரில் தூரிகையால் தீட்டிய பொருட்களுக்கு உள்ளே வெறுமையான பிறையும், அச்சிட்ட பொருட்களுக்குக் கோடு நிரப்பிய பிறையும் இட்டார்கள். தீட்டிய பூவின் அடியில் கோடிட்ட பிறையைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

‘மூன்று பூக்கள்’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் இந்த அச்சு, வூஸ்டரில் ஏறத்தாழ 1770 முதல் 1785 வரை செய்யப்பட்டது. விற்பவர்கள் இதை ‘டாக்டர் வால் காலம்’ என்று எழுத விரும்புவார்கள். டாக்டர் வால் 1774இல் தொழிலிலிருந்து விலகி 1776இல் காலமானார். ஆகவே உங்கள் கிண்ணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தவும் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். 1770 முதல் 1785 வரை என்று எழுதி வைத்துக்கொள்வதே நேர்மையானது. அதைவிடக் குறுகிய ஆண்டுக் கணக்கை இத்தகைய பொருளுக்கு யாராவது உறுதியாகச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

மீனவர் கிண்ணமும் சாசரும்தான் இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் சுவையானவை. படகும் நீர்க்காகமும் மீனவர்களும் உள்ள இந்தச் சீனப் பாணிக் காட்சியை வூஸ்டர், காஃப்லி ஆகிய இரண்டு தொழிற்சாலைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 1780களில் அச்சிட்டன. அதற்குக் காரணம் இருந்தது. வூஸ்டரில் பணியாற்றிய தாமஸ் டர்னர் 1772இல் காஃப்லிக்குச் சென்று, 1775 வாக்கில் அங்கே பீங்கான் உற்பத்தியைத் தொடங்கினார். வூஸ்டரின் தலைசிறந்த செப்புத் தகட்டுச் செதுக்காளரான ராபர்ட் ஹான்காக்கும் வூஸ்டரைவிட்டு விலகியபின் அவரோடு தொடர்பு கொண்டார். மாக்கல் கலவை, நீல அச்சு, கிண்ணத்தின் வடிவம் ஆகிய எல்லாமே அவர்களோடு செவர்ன் நதியின் மேற்பகுதிக்குப் பயணப்பட்டன. அதனால்தான் இந்த இரண்டையும் பிரித்தறிவது நீல, வெள்ளை ஆங்கிலப் பீங்கானில் மிகவும் தொல்லை பிடித்த வேலையாக நீண்ட காலம் இருந்தது.

மீனவர் காட்சியில் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. மீனைத் தூக்கிப் பிடித்திருப்பவரின் கையைப் பாருங்கள். வூஸ்டரில் அந்த மீன் நீண்டு மெலிந்திருக்கும். காஃப்லியில் குட்டையாகவும் கொழுத்தும் இருக்கும். உங்கள் சாசரில் கொழுத்த மீன், கிண்ணத்தில் மெலிந்த மீன்! சாசரில் உள்ள ‘எஸ்’, ஷ்ராப்ஷயர் மாவட்டத்தைக் குறிக்கும் ‘சலோப்பியன்’ என்ற சொல்லின் முதலெழுத்து. அது காஃப்லியின் முத்திரைகளில் ஒன்று. சாசரின் விளிம்பில் பொற்கோடு இருக்கிறது, கிண்ணத்தில் இல்லை. காஃப்லியின் நீலப் பொருட்களுக்குப் பொன்பூச்சு ஏற்றும் வேலையில் பெரும்பங்கை, 1780களின் இறுதி முதல், வூஸ்டர் நகரிலேயே இருந்த சேம்பர்லின் பட்டறை செய்தது. ஆகவே 1785க்கும் 1795க்கும் இடையில் செய்த காஃப்லி சாசர் ஒன்றும், 1780களின் வூஸ்டர் கிண்ணம் ஒன்றும் பிற்காலத்தில் எப்போதோ ஒரே அலமாரியில் சேர்ந்து இணையாகிவிட்டன. இத்தகைய சேர்க்கைகள் சந்தையில் ஏராளம். விற்பவர் அறிந்தே செய்தார் என்று எண்ணத் தேவையில்லை, இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும்.

கிண்ணத்தின் அடியில் உள்ள குறி சீன எழுத்தல்ல. கூர்ந்து பார்த்தால் ஓர் எண்ணைச் சுற்றிச் சுழிகளும் கோடுகளும் போட்டு சீன எழுத்தைப்போல ஆக்கியிருப்பது தெரியும். பழைய நூல்கள் சிலவற்றில் இந்த மறைவெண் முத்திரைகளைக் காஃப்லிக்கு உரியவை என்று எழுதியிருப்பார்கள். பழைய பட்டியல்களை நம்பும் கடைக்காரர்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வூஸ்டரின் பழைய தொழிற்சாலை இருந்த வார்ம்ஸ்ட்ரி இல்லத்து மனையைத் தோண்டியபோது, சூளையில் கெட்டுப்போய் வீசப்பட்ட துண்டுகளில் இந்த முத்திரைகள் கிடைத்தன. கெட்ட துண்டை யாரும் வேறு ஊருக்குச் சுமந்து செல்வதில்லை என்பதால் அதோடு வாதம் முடிந்தது. உங்கள் கிண்ணத்தில் மெலிந்த மீனும் மறைவெண்ணும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

வடிவமும் இந்தக் காலக்கணிப்புக்கு இசைவாகவே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேநீரைப் பெரும்பாலும் சீன முறையில் கைப்பிடியற்ற கிண்ணத்திலும், காபியைக் கைப்பிடியுள்ள சிறு கோப்பையிலும் குடித்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாசர் போதுமானதாக இருந்தது. அந்தச் சாசர் குழிவாக, கிட்டத்தட்ட ஆழமற்ற கிண்ணம்போல இருக்கும். கோப்பை வழுக்காமல் அமர நடுவில் வட்டக் குழி போடும் வழக்கம் பிற்காலத்தது. உங்கள் இரண்டு சாசர்களிலும் அந்தக் குழி இல்லை. தேயிலை மீதான வரி 1784இல் 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபின் தேநீர் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எளிதில் கிட்டியது. நீல அச்சுப் பொருட்கள் இவ்வளவு எண்ணிக்கையில் இன்றுவரை எஞ்சியிருப்பதற்கு அந்தப் பெருகிய தேவையும் ஒரு காரணம்.

கோல்போர்ட் கோப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஏ.டி. 1750’ என்பது நிறுவனம் தனக்கு உரிமை கொண்டாடிய தொடக்க ஆண்டே தவிர, கோப்பை செய்த ஆண்டு அல்ல. அந்த ஆண்டோடு கூடிய கிரீட முத்திரை 1881 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தபின் ‘இங்கிலாந்து’ என்ற சொல் முத்திரைகளில் பரவியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முழுத்தொடர் பொதுவாக 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது. கோல்போர்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ரோஸ் 1799இல் காஃப்லி தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார் என்பதால், உங்கள் மீனவர் சாசருக்கும் இந்தக் கோப்பைக்கும் தூரத்து உறவு உண்டு. அந்த உறவு கோப்பையின் வயதைக் கூட்டாது.

போலிகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. பிறை முத்திரையோடு சந்தையில் அடிக்கடி தென்படும் பிற்காலப் பொருட்கள் இரண்டு வகை. ஸ்டாஃபர்ட்ஷயரின் டன்ஸ்டால் ஊரில் இருந்த பூத்ஸ் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூஸ்டர் பாணிப் பொருட்களைப் பிறை போன்ற முத்திரையோடு செய்தது. அவை மண்பாண்ட வகை என்பதால் ஒளி ஊடுருவாது, விளக்கைப் பிடித்தவுடன் வேடம் கலைந்துவிடும். பாரிஸில் சாம்சன் நிறுவனம் செய்த நகல்களில் ஒளி ஊடுருவும், ஆனால் அவை கெட்டியான சீனமுறைப் பீங்கான். மெருகு குளிர்ந்து சாம்பல் சாயலோடு இருக்கும், பச்சை தெரியாது. உங்கள் பொருட்கள் இந்த இரண்டிலும் சேரவில்லை. போலியைவிட இப்போது நான் அதிகம் அஞ்சுவது பழுதுபார்த்து மறைக்கப்பட்ட பொருட்களை. விளிம்பில் உடைந்த இடத்தைப் பிசினால் நிரப்பி வண்ணம் தெளித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புற ஊதா விளக்கில் அந்த இடம் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். அந்த விளக்கு மலிவானது, ஏலங்களுக்குப் போகும் பழக்கம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழுப்புக் கறை, மெருகில் விழுந்த மயிரிழை விரிசல் வழியாகத் தேநீர் உள்ளே இறங்கியதால் வந்தது. வீட்டில் பயன்படுத்தும் குளோரின் வெளுப்பானில் மட்டும் ஊறவைக்காதீர்கள். கறை போனது போலத் தோன்றும். உள்ளே தங்கிய உப்பு பின்னர் படிகமாகி மெருகைப் பெயர்த்துவிடும், சாசரின் பொற்கோடும் மங்கிவிடும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைத்து, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலால் கழுவித் துவட்டுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் பீங்கான் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். என்னைக் கேட்டால், அந்த அளவுக் கறையை அப்படியே விட்டுவிடுவேன்.

தேநீர் கொடுப்பது பற்றி: வேண்டாம். அக்கால மெருகில் ஈயம் உண்டு. விரிசல் விழுந்த மெருகைச் சூடான பானத்துக்குப் பயன்படுத்துவது உடலுக்கும் நல்லதல்ல, பாத்திரத்துக்கும் நல்லதல்ல. பாத்திரம் கழுவும் இயந்திரமும் நுண்ணலை அடுப்பும் நான்கு பழைய பொருட்களுக்கும் கூடவே கூடாது.

விலையைப் படங்களை மட்டும் பார்த்து நான் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: பூப்போட்ட கிண்ணத்தையும் சாசரையும் இணையாகவே வைத்துக்கொள்ளுங்கள், மீனவர் கிண்ணத்தையும் சாசரையும் தனித்தனிப் பொருட்களாகப் பதிவு செய்யுங்கள்; விற்கும்போது ‘வூஸ்டர் கிண்ணமும் காஃப்லி சாசரும்’ என்று வெளிப்படையாக எழுதினால் அறிந்த சேகரிப்பாளர்கள் உங்களை நம்புவார்கள். கோவென்ட்ரியிலிருந்து வூஸ்டர் நகரம் தொலைவில்லை. செவர்ன் தெருவில் உள்ள ராயல் வூஸ்டர் அருங்காட்சியகத்தில் நீல அச்சுப் பொருட்களைக் காலவரிசையில் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஐயர்ன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கில் உள்ள கோல்போர்ட் பீங்கான் அருங்காட்சியகத்துக்கும் சென்று காஃப்லிப் பொருட்களைப் பாருங்கள். இரண்டு சாசர்களின் அடிவளையத்தையும் பக்கவாட்டில் படமெடுத்து, மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களோடு அனுப்பினால், மேலே சொன்னவற்றில் திருத்தம் எதுவும் தேவையா என்று பார்த்து எழுதுகிறேன்.